காவலூரில் ஒரு கடலும் அதுக்கொரு சம்ப்பும்

எங்க ஊர் வானாய்வுக்கூடத்தைப் பத்தி யார் எழுதினாலும் "கடல் மட்டத்திலிருந்து 725 மீட்டர் உயரத்தில்" என்று ஒரு வரி தவறாமல் வரும். காவலூருக்கும் கடலுக்கும் உள்ள சம்பந்தம் அந்த ஒரு வரியோடு சரி. ஆலங்காயத்தைத் தாண்டி ஜவ்வாது மலையில் ஏறினால் சாமை உண்டு, பலா உண்டு, தேன் உண்டு, தொலைநோக்கி உண்டு. கடல் மட்டும் கிடையாது. அந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு உப்புத்தண்ணி மீன்தொட்டி வைக்கணும்னு எனக்கு ஆசை வந்தது. தங்கமணி சொன்னது இதுதான்: "என்னங்க, இந்த ஊர்ல படிச்சவங்க எல்லாம் மேல பாக்குறாங்க, நீங்க மட்டும் ஏன் கீழ பாக்கணும்?" :-)

தொட்டி வைத்த கதையை இன்னொரு நாள் பார்க்கலாம். தொட்டிக்கு அடியில் இருக்கிற சம்ப்பைப் பத்தித்தான் இப்போ சொல்லப்போறேன். மூணு வருஷத்தில் ரெண்டாவது சம்ப் இது. முதல் சம்ப் ஒரு ராத்திரி எங்க கூடத்தையே கடற்கரை ஆக்கிவிட்டது. இந்த சம்ப் என்கிற சமாச்சாரம் எங்கேயிருந்து வந்தது, யார் முதலில் வைத்தார்கள், எதுக்கு வைத்தார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்ததே அதுக்கப்புறம்தான். வாங்குறதுக்கு முன்னாடி படித்திருந்தால் காசும் மிஞ்சியிருக்கும், ரெண்டு உயிரும் மிஞ்சியிருக்கும்.

சென்னையில் குடியிருந்தவர்களுக்கு சம்ப் என்றால் விளக்க வேண்டாம். தரைக்கு அடியில் சிமெண்ட் தொட்டி, அதிலிருந்து மோட்டார் போட்டு மாடிக்கு ஏற்றணும். மீன்தொட்டி சம்ப்பும் அச்சு அசல் அதேதான். மேலே மீன் இருக்கிற கண்ணாடித் தொட்டி. அதிலிருந்து வழியும் தண்ணி குழாய் வழியா கீழே ஒரு தொட்டிக்கு வரும், அங்கே சுத்தமாகும், ஒரு சின்ன மோட்டார் அதைத் திரும்ப மேலே தள்ளும். அவ்வளவுதான். (சம்ப் என்கிற ஆங்கிலச் சொல்லுக்குப் பழைய பொருள் சதுப்பு நிலமாம். கூடத்தில் தண்ணி நின்ன அன்னிக்கு அதன் பொருத்தம் எனக்கு நல்லாவே புரிந்தது.)

இப்போ கொஞ்சம் கொசுவர்த்தி சுத்தி 1846க்குப் போவோம். லண்டனில் ஆனா தைன் என்று ஒரு அம்மா. டார்க்கி என்கிற கடலோர ஊருக்குப் போனவர், அங்கிருந்து உயிருள்ள பவளங்களை வீட்டுக்குக் கொண்டுவந்துவிட்டார். கொண்டுவந்தது கொஞ்சம் கடல்தண்ணி, அது கெட்டுப்போகக்கூடாது. மோட்டார் கிடையாது, காற்றுக்குமிழி விடுற கருவி கிடையாது. என்ன செய்தார்? வீட்டு வேலைக்காரப் பெண்ணை ஜன்னல் பக்கம் நிறுத்தி, தண்ணியை ஒரு பாத்திரத்திலிருந்து இன்னொரு பாத்திரத்துக்கு ஆத்தச் சொன்னார். நம்மூர் டீ மாஸ்டர் ஆத்துற மாதிரி, தினமும் அரை மணியிலிருந்து முக்கால் மணி நேரம். அந்தப் பெண்ணின் பேர் எங்கேயும் இல்லை. உலகத்தின் முதல் ரிட்டர்ன் மோட்டார் அந்தப் பெண்ணோட கைதான்னு நான் சொல்லுவேன்.

நாலு வருஷம் கழித்து ராபர்ட் வாரிங்டன் என்கிற வேதியியல்காரர், நீர்ச்செடியும் நத்தையும் மீனும் சேர்ந்து இருந்தால் தண்ணி கெடாது என்று நல்லதண்ணித் தொட்டியில் செய்து காட்டினார். 1853ல் லண்டன் மிருகக்காட்சி சாலையில் மீன் வீடு திறந்தார்கள். 1854ல் பிலிப் ஹென்றி காஸ் இதுபத்தி ஒரு புத்தகமே போட்டார், ஊரெல்லாம் இந்தப் பித்து பிடித்தது. கடலோரம் போக வசதி இல்லாதவங்களுக்காக, நாலு வகை உப்பைக் கலந்து கடல்தண்ணி செய்யும் முறையையும் அந்த வருஷமே காஸ் சொல்லிவிட்டார். சாப்பாட்டு உப்பு, எப்சம் உப்பு, மெக்னீசியம் குளோரைடு, பொட்டாசியம் குளோரைடு. (வீட்டு உப்பை மட்டும் கரைத்து ஊத்தலாமா என்று என்னைக் கேட்கிறவர்களுக்கு 1854லேயே பதில் இருக்கு!)

ஆனா இந்த வரலாற்றில் எனக்குப் பிடிச்ச ஆள் இவங்க யாருமில்லை. வில்லியம் ஆல்ஃபோர்ட் லாயிட். புத்தகம் பைண்டிங் செய்துகொண்டிருந்த தொழிலாளி. கையில் காசு இல்லாத ஆசைக்காரர், அதாவது நம்ம ஜாதி. வேலையோடு வேலையாகப் படித்து, பிறகு லண்டனில் மீன்தொட்டிக் கடை வைத்து, கடல்தண்ணியை விற்று, கடைசியில் ஐரோப்பா முழுக்கப் பெரிய மீன் காட்சியகங்கள் கட்டிக்கொடுக்கிற ஆளாகிவிட்டார். 1864ல் ஹாம்பர்க், 1871ல் லண்டன் கிரிஸ்டல் பேலஸ், 1874ல் திறந்த நேப்பிள்ஸ் காட்சியகத்துக்கும் அவர் யோசனைதான்.

கிரிஸ்டல் பேலஸ் கடலோரத்தில் இல்லை. அதுக்கான கடல்தண்ணி பிரைட்டனிலிருந்து ரயிலில் வந்தது. வந்த தண்ணியைத் திரும்பத் திரும்ப மாத்த முடியாது, அதையே வைத்துக் குடும்பம் நடத்தணும். லாயிட் செய்ததுதான் இந்தக் கதையின் மையம்: மக்கள் பார்க்கிற தொட்டிகளுக்குக் கீழே, அவற்றைவிடப் பல மடங்கு பெரிய தொட்டி ஒன்றை இருட்டில், குளிர்ச்சியில் கட்டினார். நீராவி இயந்திரம் ராப்பகலா தண்ணியை மேலே ஏற்றும், அது தொட்டி தொட்டியாக வழிந்து கீழே திரும்பும். இருட்டில் பாசி வளராது, தண்ணி தெளியும். இன்னொரு பிடிவாதமும் அவருக்கு உண்டு, கடல்தண்ணியில் உலோகம் படவே கூடாது. மோட்டார், குழாய் எல்லாம் கெட்டி ரப்பரில் செய்ய வைத்தார்.

இதில் கவனிக்க வேண்டியது, லாயிட் அந்தக் கீழ்த்தொட்டிக்குள் எந்த மந்திரச் சாமானும் போடவில்லை. மீன் கழிவிலிருந்து வரும் அம்மோனியாவை நைட்ரைட்டாகவும் நைட்ரேட்டாகவும் மாத்துகிற பாக்டீரியாவை வினோகிராட்ஸ்கி 1890ல்தான் பிரித்துக் காட்டினார். லாயிட் அதுக்குப் பத்து வருஷம் முன்னாடியே போய்ச் சேர்ந்துவிட்டார். ஏன் வேலை செய்கிறது என்று தெரியாமலே வேலை செய்கிற சம்ப்பை அவர் கட்டினார். நிறைய தண்ணி, ஓயாத ஓட்டம், இருட்டு. அந்த மூணுதான் சரக்கு.

நம்ம பக்கம் என்ன நடந்தது? 1885லிருந்து சென்னை அருங்காட்சியகத்துக்குப் பொறுப்பாக இருந்த எட்கர் தர்ஸ்டனை தென்னிந்திய சாதிகள் பற்றிய ஏழு தொகுதிகளை வைத்துத்தான் நமக்குத் தெரியும். அந்தத் தொகுதிகள் வந்தது 1909ல். அதே 1909ல்தான் அவர் திட்டமிட்ட மீன் காட்சியகம் மெரினா கடற்கரையில் திறந்தது, இந்தியாவிலேயே முதலாவது. மனுஷருக்குக் கடல் மேல் பழைய காதல், மன்னார் வளைகுடாவின் முத்துக்குளிப்பு, சங்குகுளிப்பு, கடல் உயிர்கள் பற்றி 1890லேயே எழுதினவர். 1919ல் காட்சியகம் மீன்வளத்துறை கைக்குப் போனது. இரண்டாம் உலகப்போரில் மூடினார்கள், மூடினது மூடினதுதான். பம்பாயில் தாராபோர்வாலா காட்சியகம் 1951ல் வந்தது. மெரினாவில் கடல் மீனைக் காசு கொடுத்துப் பார்த்த தலைமுறையே போய்விட்டது. என் மாதிரி ஆட்களுக்கு மீன்தொட்டி என்றால் முதலில் மூர் மார்க்கெட், அது 1985ல் எரிந்தபிறகு எங்கெங்கோ சுத்தி இப்போ கொளத்தூர்.

தர்ஸ்டனுக்குக் கடல் வாசலிலேயே இருந்தது. எனக்கு வாய்த்தது லாயிட் நிலைமை. அவருக்கு பிரைட்டன், எனக்கு மாமல்லபுரம். இருபது லிட்டர் கேன் பத்து. மலை அடிவாரத்தில் ஒரு செக்போஸ்ட்டில் நிறுத்தி, பத்து கேனையும் பார்த்து, "என்ன சார் இது?"ன்னு கேட்டார் காவலர். "கடல்தண்ணி"ன்னேன். ஒரு கேனைத் திறந்து மோந்து பார்த்தார், விரலில் தொட்டு நாக்கில் வைத்தார், என்னை ஏற இறங்கப் பார்த்தார். "போங்க சார்"ன்னு சொன்ன குரலில் கோபம் இல்லை, பரிதாபம்தான் இருந்தது. அதுக்கப்புறம் உப்புப் பொட்டலம்தான். லிட்டருக்கு 35 கிராம், 200 லிட்டருக்கு ஏழு கிலோ, சுத்திகரித்த தண்ணியில் கரைத்தால் ஆச்சு.

சரி, சம்ப்புக்கு வருவோம். நான் முதலில் வாங்கினது ரெடிமேட். அதுக்குள்ளே பல அறைகள், கறுப்புப் பிளாஸ்டிக் பந்துகள், தூவல் தட்டு, இன்னும் என்னென்னவோ. தொட்டி விலையில் பாதிக்கு மேல் அதுக்கே போச்சு. இந்தப் பந்துகளின் கதையைப் பிறகு படித்தேன். ஜகார்த்தாவில் லீ சின் எங் என்பவர் கடலிலிருந்து எடுத்த உயிருள்ள பாறையும் காற்றுக்குமிழியும் மட்டும் வைத்துப் பவளத்தொட்டி நடத்தி, அதை 1961ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் எழுதினார். வடிகட்டி எதுவும் கிடையாது. அப்போ யாரும் பெரிசா கண்டுக்கவில்லை. 1986ல் ஜார்ஜ் ஸ்மிட், ஹாலந்துக்காரர்கள் முறையைப் பார்த்து, தண்ணியைப் பிளாஸ்டிக் பந்துகள் மேல் தூவலாக விழவைக்கும் சம்ப்பைப் பத்தித் தொடர் எழுதினார். அமெரிக்கா முழுக்க அந்தப் பெட்டிதான். கொஞ்ச வருஷத்தில் ஒரு சங்கடம் தெரிந்தது. பந்துகளில் வாழும் பாக்டீரியா அம்மோனியாவை வெகு வேகமா நைட்ரேட் ஆக்கிடும், ஆனா நைட்ரேட்டை ஒண்ணும் செய்யாது, அது சேர்ந்துகொண்டே போகும். மீன் பொறுத்துக்கும், பவளம் பொறுக்காது. பிறகு பெர்லின் முறை என்று பாறையும் நுரை பிரிக்கிற ஸ்கிம்மரும் போதும் என்றார்கள். எல்லாரும் பந்துகளைக் கழட்டிப் போட்டார்கள். மிஞ்சினது என்ன? ஒரு வெறும் பெட்டி, அது நிறைய தண்ணி. லாயிட் கட்டின அதே தொட்டி!

பத்து வருஷத்துக்கு ஒரு முறை உள்ளே போடுகிற சாமான் மாறியிருக்கு, பெட்டி மாறவில்லை. என் பணம் முழுக்க மாறுகிற சாமானுக்குப் போயிருந்தது. மாறாத பெட்டி சின்னதா இருந்தது.

அந்தப் பெட்டியின் லட்சணத்தைச் சொல்கிறேன். என் மேல்தொட்டி 90க்கு 40 செ.மீ., தண்ணி 40 செ.மீ. உயரம். சம்ப் 75க்கு 35, உயரம் 40. ஓடும்போது சம்ப்பில் தண்ணி 32 செ.மீ. நிற்கும்படி வைத்திருந்தேன், மோட்டார் நல்லா மூழ்கி இருக்கட்டும்னு. மேலே தண்ணி விழுகிற குழாயின் வாயை, சத்தம் வரக்கூடாதுன்னு தண்ணிக்குள் பத்து செ.மீ. இறக்கியிருந்தேன். ஐப்பசி மாச மழை, ராத்திரி கரண்ட் போச்சு. மலையில் கரண்ட் போறது செய்தியே இல்லை, தூங்கிட்டோம்.

மோட்டார் நின்னதும் அந்தக் குழாய் பின்னோக்கி உறிஞ்ச ஆரம்பித்தது. குழாய் வாய் காத்தைத் தொடுகிறவரை உறிஞ்சும். 90 x 40 x 10, 36 லிட்டர் கீழே வரும். சம்ப்பில் மிச்ச இடம் 8 செ.மீ., அதாவது 21 லிட்டர். மீதி 15 லிட்டர் கூடத்தில். நாலாங்கிளாஸ் கணக்கு நண்பர்களே, வாங்கின அன்னிக்கே ஒரு காகிதத்தில் போட்டிருக்கலாம். உப்புத்தண்ணி தரையில் கிடந்த ப்ளக் பெட்டி வரைக்கும் போயிருந்தது. விடிகாலையில் கரண்ட் வந்தபோது வீட்டு ட்ரிப்பர் விழுந்து தொலைத்தது, அதனால் நாங்க உயிரோட இருக்கோம். பையன் வெறுங்காலோடு எழுந்து வந்து "அப்பா, வீட்டுக்குள்ள மழை"ன்னான். இப்ப நினைச்சாலும் வயித்தைக் கலக்குது.

முட்டாள்தனத்துக்கு மேல் இன்னொண்ணும் செய்தேன். குறைந்த 15 லிட்டரை ஆவியாகிப் போன தண்ணிக்கு ஊத்துகிற மாதிரி வெறும் தண்ணியாலேயே நிரப்பினேன். ஆவியாகிறது தண்ணி மட்டும், உப்பு தொட்டியிலேயே இருக்கும். வழிந்து போனது உப்பும் சேர்த்து. லிட்டருக்கு 35 கிராம் இருந்தது ஒரே மணி நேரத்தில் 32 சொச்சம் ஆச்சு. கோமாளி மீன் ரெண்டும் தாங்கிச்சு. சுத்தம் செய்கிற சிவப்புக் கோடு போட்ட இறால் ரெண்டும் சாயங்காலத்துக்குள் போச்சு. ராத்திரி ஓட்டம் நின்னதா, உப்பு குறைந்ததா, எது கொன்னது என்று பிரிச்சுச் சொல்ல முடியாது. ரெண்டும் நான்தான்.

ஒரு மாசம் தொட்டியை எடுத்துவிடலாம்னே இருந்தேன். மனசு மாறினதுக்கு எங்க ஊர்க் கதை ஒரு காரணம். வைணு பாப்பு இந்த மலைக்குக் கொண்டுவந்த முதல் தொலைநோக்கி பெரிய இறக்குமதி ஒண்ணுமில்லை. கொடைக்கானல் பட்டறையிலேயே செய்த 38 செ.மீ. கருவி, 1968. அப்புறம்தான் 1972ல் ஜெர்மனியிலிருந்து 102 செ.மீ. வந்தது, யுரேனஸுக்கு வளையம் இருப்பதற்கான தடயத்தை 1977 மார்ச் 10 அன்று பார்த்தது அதில்தான். 1986ல் வந்த 2.34 மீட்டர் மறுபடி உள்நாட்டுத் தயாரிப்பு. பாப்பு அதைப் பார்க்க இல்லை, 1982லேயே போய்விட்டார். பட்டறையில் தொலைநோக்கியே செய்யலாம், நான் ஒரு கண்ணாடிப் பெட்டி செய்யக்கூடாதா?

ரெண்டாவது சம்ப் வாணியம்பாடியில் கண்ணாடி வெட்டி வாங்கி, நானே சிலிக்கான் வைத்து ஒட்டினது. ரெடிமேட் விலையில் பாதி கூட ஆகலை. கேபினட்டுக்குள் வேறு அளவு நுழையாததால் நீள அகலம் பழையதேதான், ஆனால் தண்ணி மட்டம் 25 செ.மீ. மேலே 39 லிட்டருக்கு வெற்றிடம். அந்த வெற்றிடம்தான் நான் வாங்கின காப்பீடு. உள்ளே ரெண்டே தடுப்பு: ஒண்ணு அழுக்கை நிறுத்த, ஒண்ணு குமிழி மோட்டாருக்குப் போகாமல் இருக்க. தண்ணி விழுகிற குழாயின் வாயை ரெண்டு செ.மீ.க்கு ஏற்றிவிட்டேன், தண்ணி மட்டத்துக்குச் சற்றுக் கீழே குழாயில் ஒரு சின்ன ஓட்டை. கரண்ட் போனதும் அந்த ஓட்டை காத்தை இழுக்கும், உறிஞ்சல் அறுந்துவிடும். இப்போ மொத்தமா கீழே வருவது மூணு செ.மீ. தண்ணி, 11 லிட்டருக்கும் குறைவு. ஓட்டைக்கு ஆன செலவு ஒண்ணுமில்லை. பாசி அடைச்சுக்கும், மாசம் ஒரு தடவை பல் குத்துற குச்சியால குத்தணும்.

ஒருவழி வால்வு போட்டால் போதுமேன்னு கடையில் சொல்வாங்க. உப்புத்தண்ணியில் ஒரு நத்தைக்குஞ்சு, ஒரு மணல் துகள் சிக்கினால் அது மூடாது. வால்வு இருக்கட்டும், அதை நம்பிப் படுக்காதீங்க. அதேபோல, தொட்டியை ஓட்டை போடாமல் விளிம்பில் தொங்கவிடுகிற உறிஞ்சு பெட்டி. கரண்ட் போய்ப் போய் வருகிற ஊருக்கு அது சரிப்படாது. உறிஞ்சல் அறுந்துபோய் மோட்டார் மட்டும் ஓடினால் மேல்தொட்டி வழியும். கண்ணாடியில் ஓட்டை போட்டுவிடுவது நல்லது, டஃபன்டு கண்ணாடி இல்லை என்று பார்த்துக்கொண்டு. அதில் துளை போட்டால் மொத்தமும் தூள்.

மிச்சம் பிடித்த காசில் ஒண்ணை மட்டும் நல்லதா வாங்கினேன், மோட்டார். பழையதைத் துடைத்து உபரியாக வைத்திருக்கேன். இன்வெர்ட்டரில் மோட்டாரை மாட்டவில்லை, ஒரு சின்ன காற்றுப் பம்பு மட்டும். ப்ளக் பெட்டி இப்போ சுவரில், தொட்டி மட்டத்துக்கு மேலே. லாயிட் பேச்சைக் கேட்டு, குழாய் இறுக்குகிற இரும்பு கிளிப் ஒண்ணு இருந்ததைக் கூடக் கழட்டியாச்சு. செம்பும் பித்தளையும் பக்கத்திலேயே வரக்கூடாது, இறால் வகைக்குச் செம்பு விஷம்.

உள்ளே என்ன போட்டேன்? இங்கேதான் கையில் காசில்லாதவனுக்குச் சபலம் வரும். "பவளப்பாறை இருக்கு, மலிவா தர்றேன்"னு ஒருத்தர் சொன்னார். வாங்கியிருந்தால் லீ சின் எங் மாதிரி வடிகட்டியே வேண்டாம். ஆனால் 2001ல் பவளங்களையும் கடல்குதிரைகளையும் வன உயிரினப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் சேர்த்தார்கள், புலிக்கு உள்ள அதே அட்டவணை. சட்டத்தை விடுங்க. மன்னார் வளைகுடா தேசியப் பூங்காவில் 21 தீவு என்று படித்திருப்பீர்கள். அதில் பூவரசன்பட்டியும், தூத்துக்குடிப் பக்கத்து விலங்குசல்லியும் இப்போ தண்ணிக்கு அடியில். சுண்ணாம்புக்காகப் பவளத்தைத் தோண்டித் தோண்டி, அலையைத் தடுக்க எதுவும் மிஞ்சாமல் போனது. தீவு மூழ்கின பாறையை என் சம்ப்பில் வைக்க மனசு வரவில்லை. நுண்துளைப் பீங்கான் துண்டுகள் ரெண்டு கிலோ, தெரிந்தவர் தொட்டியிலிருந்து ஒரு பிடி மணல், ஆறு வாரம் மீன் இல்லாமல் காத்திருப்பு. பாக்டீரியா தானா வந்து குடியேறிச்சு. புதுசா கோமாளி மீன் வேண்டுமென்றால் குஞ்சு பொரிக்கவைத்து வளர்த்தது கிடைக்கிறது. மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் அந்த வித்தையை எப்பவோ கைக்குக் கொண்டுவந்துவிட்டது.

இன்னொரு விஷயம் சொல்ல மறந்துட்டேன். பவளத்துக்கு வேண்டிய பளீர் விளக்கை நான் போடலை. தொட்டியில் மீனும் நத்தையும்தான், சாதாரண விளக்கு, அதுவும் ராத்திரி எட்டு மணிக்கு அணைந்துவிடும், ஜன்னலுக்குக் கெட்டித் திரை. இருட்டுதான் எங்க ஊருக்குச் சொத்து. சம்ப்புக்கும் இருட்டுதான் நல்லதுன்னு 1871லேயே ஒருத்தர் கண்டுபிடிச்சாச்சு, அதனால் எங்களுக்குள்ள சண்டை இல்லை :-)

போன வாரம் கீழ்த்தெருப் பாட்டி வந்திருந்தாங்க. எண்பது வயசு, ஜவ்வாது மலையை விட்டு வேலூர் வரைக்கும் போனதுதான் அதிகபட்சம். தொட்டியை ரொம்ப நேரம் பார்த்தாங்க. "இதான் கடல்தண்ணியா தம்பி?"ன்னாங்க. சம்ப்பைத் திறந்து காட்டினேன், விரல் விட்டு நக்கிப் பார்த்தாங்க.

"உப்பு கொஞ்சம் தூக்கலா இருக்கே"ன்னாங்க.

அளந்து பார்த்தேன், 36 இருந்தது. ரெண்டு நாளா தண்ணி ஊத்தலை.